பதினைந்து டம்ளரில் மீன் பேன்

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஒரு வாரம் தங்கிவிட்டு, அருவியில் தலையை நனைக்காமல் சென்னைக்குத் திரும்பிய ஆள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆய்வகத்தில் எல்லோரும் முதலில் கேட்டது, எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா என்றுதான். இல்லை என்றதும், கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நான் போனது பேன் பிடிக்க. தலைப் பேன் இல்லை, மீன் பேன். கண்ணாடித் துண்டு மாதிரி வட்டமாக, தட்டையாக, துவரம் பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்களின் செதில்மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். இதில் ஒரு விசேஷம், இது மீனை விட்டு இறங்கித் தண்ணீரில் சில நாள் தனியாக நீந்தவும் செய்யும். அப்படித் தனியாக இருக்கும்போது அதன் உடம்புக்குள் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, எவை ஓய்ந்துபோகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. மரபணு வெளிப்பாடு என்று எழுதுவோம்.

பேனை எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். சுணங்கினால், எந்த மரபணு விழித்திருக்கிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. சிதைந்து ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். முந்தைய சீசனில் வேறொருவர் எடுத்து வந்தவை அப்படித்தான் வீணாகின. திட்டம் செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் நல்ல பேன் கிடைக்காவிட்டால் ஆய்வகத்தில் என் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கணவரும் நானும் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை, பேசுவதற்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது. காலையில் கிளம்பிப் போய் உட்கார எனக்கு அந்த மேசைதான் இருக்கிறது. கூட வருவதாக இருந்த ஜூனியர் பெண்ணுக்குக் கடைசி நேரத்தில் டெங்கு வந்துவிட, தனியாக ரயில் ஏறினேன்.

முதல் நாள் தென்காசியில் இறங்கும்போதே சாரல். சென்னையில் மழை என்றால் அது வருவதும் தெரியும், போவதும் தெரியும். இங்கே நனைந்தோமா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. பேன்களைத் தனித்தனியாக வைக்க நான் கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பிகளின் மேல் ரயிலில் யாரோ அரிசி மூட்டையை இறக்கியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. இறக்கிய புண்ணியவான் எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனாரோ.

குற்றாலத்தில் மூன்று லாட்ஜுகளில், தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்றார்கள். நான்காவதில் மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தனியாவா வந்திருக்கீக?"

"ஆமாம்."

"பின்னால யாரும் வாராகளா?"

"இல்லை."

"குளிக்கத்தான?"

"பேன் பிடிக்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்.

மதியம் ஐந்தருவிக்குப் போனேன். குளிக்கத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. அங்கே போன பிறகுதான் புரிந்தது, அருவியில் குளிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் குளிக்க, ஒருத்தர் பையைப் பிடிக்க. "ஏங்க, இந்தச் செயினப் புடிங்க, தொலச்சிராதீக" என்று ஓர் அம்மாள் கணவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். அங்கே நின்ற எல்லோருக்கும் அப்படிக் கழற்றிக் கொடுக்க யாராவது இருந்தார்கள். என் பையில் பணம், போன், இரவல் வாங்கிய கைப் பூதக்கண்ணாடி எல்லாம் இருந்தன. அரை மணி நேரம் பையோடு நின்றேன். ரம்புட்டான் பழம் வாங்கித் தின்றேன். திரும்பிவிட்டேன்.

இருட்டும்போது பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, சுவரில் எழுதியிருந்த நீளமான பட்டியலை அக்கறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் இலையைப் போட்டபடி சொன்னார்: "போர்டப் பாக்காதீக மேடம். போர்டுல எல்லாம் உண்டு. இப்பம் கல்லுல என்ன கெடக்குன்னு கேளுங்க."

எழுந்து அவர் கையைக் குலுக்கலாம் போலிருந்தது. பத்து வருடமாக நான் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்குவது இதைத்தான். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் முழுப் பட்டியலும் இருக்கிறது. ஆனால் இந்த நேரத்தில் அடுப்பில் எது வேகிறது என்பதுதான் மரபணு வெளிப்பாடு. மீன்மேல் இருக்கும் பேனின் அடுப்பில் ஒன்று, தனியாக நீந்தும் பேனின் அடுப்பில் வேறொன்று. கல்லில் கிடந்தது பரோட்டாவும் கோழிச் சால்னாவும். மூன்று சாப்பிட்டேன். இவ்வளவு நல்ல உவமையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன், யாரிடம் என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கால்நடை மருந்தகத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் நைட்ரஜன் நிரப்பிக்கொண்டேன். மாட்டுக்குப் போடும் சினை ஊசிக்குக் காளை விந்தை உறைய வைப்பதும் இதே நைட்ரஜனில்தான். அலுமினியக் குடுவை பார்க்கப் பால் கேன் மாதிரி இருக்கும், மூடி ஓரத்தில் புகை கசியும். அதோடு வீரகேரளம்புதூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பதறிவிட்டார்.

"எம்மா, இறங்குங்க. கேஸெல்லாம் ஏத்தக்கூடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், "அது கேஸு இல்லவே. மாட்டுக்குச் சினை ஊசி போடுத கேனு. டாக்டரம்மாவ ஏறச் சொல்லும்" என்றாள். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கூடவே அவளுடைய பசுவின் கதையும் கிடைத்தது. நாலு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லையாம், நான் ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டுமாம்.

"நான் மாட்டு டாக்டர் இல்லைங்க. மீன்."

"இப்பம் மீனுக்கும் ஊசி போடுதாகளா?" என்று அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். பின்சீட்டுக்கும் தெரியவில்லை.

வீரகேரளம்புதூர் தாண்டி இறங்கினால் காசிம் பாயின் மீன் பண்ணை. இரண்டு மாதமாக அவரைப் போனில்தான் தெரியும். சவூதியில், தம்மாம் நகரத்துக் குளிர்பதனக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊர் வந்து மூன்று குளம் வெட்டி மீன் வளர்க்கிறவர். "இங்கன பேனுக்குப் பஞ்சமே இல்ல மேடம். வந்து வாரிக்கிட்டுப் போங்க" என்று சொல்லித்தான் என்னை வரவழைத்தார்.

வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்றவரின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நேராகக் குளத்துக்குக் கூட்டிப்போய், வலையை இழுக்கச் சொன்னார். ரோகுகள் துள்ளின. ஒவ்வொன்றும் பாத்திரக் கடையில் அடுக்கிவைத்தது போலப் பளபளவென்று இருந்தது.

"ஒரு பேன் காட்டுங்க பாப்போம்!" என்றார். "மருந்து ஊத்தி, தண்ணி மாத்தி, பத்து நாளா இதே வேலதான்."

"பாய், நான் பேனைப் பார்க்கத்தானே வந்தேன்!"

"தெரியும் மேடம். அதுக்காக? மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளு வாராக. நம்ம கொளத்த அந்த லெச்சணத்துலயா காட்ட முடியும்? சொல்லுங்க."

வருகிறவளுக்குப் பேன் வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். எப்படியும் அங்கங்கே பத்துப் பேன் மிஞ்சும், அதைப் பொறுக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். மருந்து அவர் நினைத்ததை விட நன்றாக வேலை செய்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்குக் கட்டுப்பாடு கிடையாது. என் வேலையையே கெடுத்துவிட்டீர்கள், இதற்கு நீங்கள் என்னை வரவேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம் என்று கத்திவிட்டேன். அவர் மனைவி ரமீஜா நெய்ச்சோறு ஆக்கிவைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். நான் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. பசியில் அந்த நெய்ச்சோற்றின் வாசனை நிறுத்தம் வரைக்கும் வந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் பேன் தேடிப் புறப்பட்டேன். தென்காசி மீன் மார்க்கெட்டில் ஓர் அக்காவிடம், "உங்கள் கெண்டையில் பேன் இருக்கிறதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெடிஞ்சதும் யாவாரத்தக் கெடுக்க வந்துட்டியா? பேனாம்லா, பேனு! உன் தலையில பாரு, கெடக்கும்."

அங்கிருந்து சுந்தரபாண்டியபுரம். அங்கே குளத்தில் வலை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மீன் இருந்தது, பேன் இல்லை. சாலையோரம் சூரியகாந்தி வயலில் வரிசையாகக் கார்களை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி என்னிடம் போனைக் கொடுத்தது. ஏழெட்டுப் படம் எடுத்துக் கொடுத்தேன். "உங்கள எடுக்கட்டா அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். மறுக்கத் தோன்றாமல் போய் நின்றேன். படத்தில் பின்னால் அத்தனை பூ, நடுவில் நான், கையில் புகை கசியும் கேன். நன்றாகத்தான் இருந்தது. யாருக்கு அனுப்புவது? பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கேனில் நைட்ரஜன் அதுபாட்டுக்கு ஆவியாகிக்கொண்டிருந்தது. எனக்கு மிச்சம் இருந்தது நான்கு நாள்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு மேனேஜர் கதவைத் தட்டினார். "உங்களப் பாக்க ஒரு ஆளு வந்திருக்காரு" என்றபோது அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் ஆள் உண்டு என்று.

கீழே காசிம் பாய் தூக்குவாளியோடு நின்றார். "ஊட்ல குடுத்துவிட்டா. சாப்பிடாமப் போய்ட்டீகன்னு ரெண்டு நாளா என்னய ஏசுதா." இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி, "சரி, அந்தப் பேன வச்சு நீங்க என்னதான் பாக்குதீக?" என்றார்.

சொன்னேன். போர்டு, கல்லு, பரோட்டா எல்லாம் வைத்துச் சொன்னேன். மீனை விட்டு வந்த பேன் முதல் நாள் எப்படி இருக்கிறது, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எப்படி மாறுகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறேன் என்றேன்.

"தனியா எத்தன நாள் தாங்கும்?"

"சில நாள்தான் பாய்."

"நான் இருவத்திரெண்டு வருசம் தாங்கினேன்" என்று சிரித்தார். அப்புறம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவுல வருவேன் மேடம். வரும்போதெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருப்பா. புதுப் பெட்சீட்டு, புதுத் தட்டு. புள்ளைக சண்ட போடாம உக்காந்திருக்கும். ஒரு மாசம் கழிச்சு ஏறிப் போயிருவேன். வீடு சாதாரணமா எப்டி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. இப்பம் ஊரோட வந்து மூணு வருசமாச்சு. டம்ளர் எங்கன இருக்குன்னு இன்னும் கேட்டுத்தான் எடுக்கேன். விருந்தாளிக்கு மாதிரி வீட்ல எல்லாரும் எனக்கு எந்திரிச்சு நிக்காக. அதான் பாதி நேரம் கொளத்தோட கெடக்கேன்."

காலியான தூக்குவாளியை மூடி அவர் பக்கம் தள்ளினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் எதுவும் அதற்குப் பொருந்தாது.

"நானும் உங்களுக்கு அதத்தான செஞ்சிருக்கேன்" என்றார். "வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "வாங்க. ஒண்ணக் காட்டல. காட்டுதேன்."

பண்ணைக்குப் பின்னால், மோட்டார் ரூமை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. மேலே தார்ப்பாய், அதற்கு மேலே ஓலை. போன தடவை வந்தபோது அந்தப் பக்கம் என்னைப் போகவிடாமல் பேச்சுக் கொடுத்தே திருப்பியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. தார்ப்பாயை விலக்கினார். நோஞ்சான் கட்லா ஒன்று அடியில் நின்றது. "நோவு கண்டதுல பொழச்சது இது ஒண்ணுதான். யார் கண்ணுலயும் படவேணாம்னு மூடிவச்சேன்" என்றார். கைவலையில் ஏந்தித் தூக்கினார். செதில் முழுக்கப் பேன். இவ்வளவு அழகான அசிங்கத்தை நான் பார்த்ததில்லை.

பத்தொன்பது எடுத்தேன். நான்கை எடுத்த கையோடு கேனில் போட்டேன், மணி பதினொன்று. குபுகுபுவென்று புகை வந்தது. ரமீஜா பயந்து பின்னால் போக, காசிம் பாய் குனிந்து பார்த்தார். "கூலிங் விட்டுப்போனா சரக்கு போச்சு. எனக்குத் தெரியாததா?" என்றார்.

மீதிப் பதினைந்தும் தொட்டித் தண்ணீரோடு லாட்ஜுக்கு வந்தன. என் டப்பிகள்தான் நொறுங்கிவிட்டனவே. மேனேஜரிடம் போய்ப் பதினைந்து கண்ணாடி டம்ளர் கேட்டேன்.

"நீங்க ஒரு ஆளுதான மேடம்?" என்றார் மெதுவாக. "ரூம்ல பார்ட்டி கீர்ட்டின்னா ஓனர் என்னயத்தான் புடிப்பாரு."

அவரை அறைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு டம்ளரிலும் ஒவ்வொரு பேனை விட்டுக் காட்டினேன். கடைசி வரை நின்று பார்த்தார். "ஏன், ரெண்டு ரெண்டாப் போட்டா சண்ட போடுமோ?" என்றார். இல்லை, தனியாக இருந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து காலைக் காப்பி அறைக்கே வந்தது.

அடுத்த மூன்று நாளும் என் வாழ்க்கை அந்த லாட்ஜ் அறை மேசைதான். ஜன்னல் திட்டில் ஐந்து, மேசைமேல் பத்து. ஒவ்வொரு நாளும் சரியாகக் காலை பதினொரு மணிக்கு நான்கு பேன் கேனுக்குள் போக வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவை சுற்றுவதைப் பார்த்து நோட்டில் நேரம் குறிப்பேன். முதல் நாள் எல்லாம் டம்ளரின் ஓரத்தை ஒட்டி வெறி பிடித்ததுபோல் நீந்தின. இரண்டாம் நாள் நின்று நின்று நீந்தின, இரண்டு செத்தும் போயின. மனிதர்களோடு இவற்றை ஒப்பிடக் கூடாது என்று மாணவர்களைத் திட்டுகிறவள் நான். ஆனால் பதினான்காம் டம்ளரிடம் காலையில் "எழுந்தாச்சா?" என்று கேட்டேன், மறைப்பானேன்.

ஏழாம் நாள் காலை ஐந்து டம்ளரில் உயிர் இருந்தது. எனக்கு வேண்டியது நான்கு. பதினொரு மணிக்கு நான்கும் உள்ளே போயின. கேனை மூடினேன். எண்ணிப் பார்த்தால் பதினாறு. வந்த வேலை முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், கட்டில்மேல் உட்கார்ந்து பதினைந்தாம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதையும் போட்டிருக்கலாம். ஒன்று கூடினால் நல்லதுதான், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்று நாள் தனியாகச் சுற்றிவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருந்த அதை அந்தப் புகைக்குள் போட எனக்கு மனம் வரவில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

டம்ளரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர். "இதுல என்ன?" என்றார். பேன் என்றேன். அவர் டிக்கெட்டைத் தூரத்தில் நின்றே நீட்டினார்.

காசிம் பாய் தொட்டியின் தார்ப்பாயை விலக்கினார். இதைத் திரும்பவும் கட்லாமேல் விட வேண்டும் என்றதும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இது மீனுக்குக் கெடுதல் பாய். நான் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன்."

"ஒண்ணுதான. ஊத்துங்க." கட்லாவைக் கைவலையில் மெதுவாக மேலே கொண்டுவந்து, தண்ணீருக்குள்ளேயே அசையாமல் பிடித்துக்கொண்டார். பத்து நாள் பாடுபட்டுக் குளத்துப் பேனையெல்லாம் ஒழித்த அதே கை.

தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் பாசி. டம்ளரைக் கவிழ்க்க எட்டியபோது கால் சறுக்கியது. ரமீஜா சட்டென்று என்னை ஒட்டி வந்து நின்றாள். டம்ளரைச் சாய்த்தேன். பேன் ஒரு சுற்றுச் சுற்றியது. மீனைத் தாண்டிப் போனது. திரும்பவும் வந்து, திரும்பவும் தாண்டியது.

"அங்கன போகுது, அங்கன! ஏட்டி, இங்கிட்டுத் திரும்பு" என்று ரமீஜா பேனை அதட்டினாள்.

கடைசியில் மீனின் பக்கவாட்டுத் துடுப்புக்குக் கீழே போய் ஒட்டி நின்றது. பிறகு அசையவில்லை.

"நாளைக்கு இந்தத் தொட்டிக்கும் மருந்து ஊத்தணும்னு இருந்தேன்" என்றார் காசிம் பாய் மீனைப் பார்த்தபடியே. "ஒரு வாரம் போகட்டும்." அப்புறம் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை எடுக்க நேரமாயிற்று, ஆனால் யாரையும் கேட்கவில்லை. அன்று நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் ரயிலேறினேன்.

சென்னையில் கேனைத் திறந்து பார்த்ததில் பதினாறும் நன்றாக இருந்தன. மேசை இன்னும் ஒரு வருடத்துக்கு என்னுடையது. பேராசிரியர் என் நோட்டை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பதினைந்தாம் டம்ளரில் நின்றார்.

"திரும்பவும் மீனில் விட்டீர்களா? அட, அது ரொம்ப நல்ல தகவலாயிற்றே. ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆனது? அதை மட்டும் ஏன் குறிக்கவில்லை?"

கையில் பேனா இல்லை என்றேன். உண்மைதான். ஒரு கையில் டம்ளர் இருந்தது. இன்னொரு கையை, நான் வழுக்கி விழாமல் இருக்க, ரமீஜா பிடித்துக்கொண்டிருந்தாள்.